அக்கா ரெண்டு, தம்பி ரெண்டு

அப்பாவின் காருக்கு ஞாபகசக்தி அதிகம். எஞ்சினில் கோளாறு வந்தால் ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். கோளாறைச் சரிசெய்த பிறகும் அது அணையாது. போன வருஷத்துச் சண்டையை இந்த வருஷம் கிளறுகிற எங்கள் குடும்பத்துக்கு ஏற்ற வண்டிதான்.

அப்பா தவறிப்போன பிறகு வண்டி வெளியே போகவே இல்லை. பேட்டரி செத்துவிடக் கூடாதென்று அம்மா மட்டும் பக்கத்து வீட்டு டெய்லரைக் கூப்பிட்டு, வாரம் தவறாமல் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிடச் சொல்வாள். இப்போது ஆர்.டி.ஓ. ஆபீசுக்குச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. மறுநாள் காலை அங்கே மஞ்சள் விளக்கு எரிந்தால் தகுதிச் சான்று கிடையாது. சான்று கிடைக்காவிட்டால் காயலான் கடைதான் என்று தம்பி முடிவு கட்டியிருந்தான். அம்மாவுக்கு அதில் துளிகூட இஷ்டமில்லை. எனக்கும்தான். அந்தப் பின்சீட்டில் அடித்துக்கொண்டே வளர்ந்தவர்கள் நாங்கள். ஜன்னலோரம் யாருக்கு என்ற தகராறில் அவன் கடித்த தழும்பு என் முழங்கையில் இன்னும் இருக்கிறது. அந்த வண்டியை நசுக்கி இரும்பாக்குவார்களாமே, நன்றாக இருக்கிறது கதை.

தம்பி எஞ்சின் கோளாறைப் படிக்கும் கருவி ஒன்றை வாங்கி வந்திருந்தான். போன் மாதிரி ஒரு திரை, அதற்கு வால் மாதிரி ஓர் ஒயர். ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை நுழைத்து வெகுநேரம் தேடினான். செருகுவதற்கு இடமே இல்லை. இந்த மாதிரிக் கருவிகள் பிறப்பதற்கு முன்பே பிறந்த வண்டி அது. பெரியவர்களிடம் உன் பவிசைக் காட்டாதே என்றேன். முறைத்தான்.

அப்புறம் அப்பாவின் பழைய வழிக்கே வந்தோம். பானட்டுக்குள் ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். அதில் இரண்டு துளைகளை ஒரு கம்பியால் இணைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினால் மஞ்சள் விளக்கு சிமிட்டும். நீளமாகச் சிமிட்டினால் பத்து, குட்டையாகச் சிமிட்டினால் ஒன்று. கூட்டினால் வருவது கோளாறின் எண். அதையே விளக்கு திரும்பத் திரும்பச் சொல்லும். நீளச் சிமிட்டலுக்கு அப்பா அக்கா என்று பெயர் வைத்தார், குட்டைக்குத் தம்பி. அப்போது நான் கொக்கு மாதிரி வளர்ந்திருந்தேன், இவன் குண்டூசி. அப்பா பானட்டுக்குள் குனிந்திருப்பார். அம்மா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஏலம் விடுகிற மாதிரி கத்துவாள். பின்சீட்டில் நாங்கள் எங்கள் பெயர் வரும்போதெல்லாம் கையைத் தூக்குவோம். வண்டி ரிப்பேரானால் எங்களுக்குத் திருவிழாதான்.

தம்பி அம்மாவின் ஹேர்பின்னை வளைத்துத் துளைகளில் செருகினான். அவனே டிரைவர் சீட்டுக்கு ஓடிவந்து, சாவியைத் திருப்பி, எண்ணவும் எண்ணினான். தம்பி ரெண்டு, அக்கா ரெண்டு என்றான். எண்ண வேண்டிய இடத்தில் தொடங்காமல் பாதியில் தொடங்கியிருக்கிறான், மண்டு.

கதவருகே நின்ற அம்மா அவனைத் தள்ளினாள்.

"அக்கா பொறக்காம தம்பி எப்படிடா பொறப்பான்? எந்திரி."

உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒரு சுற்று முடியும்வரை காத்திருந்து ஆரம்பித்தாள். அக்கா. அக்கா. தம்பி, தம்பி. அதே குரல், அதே இழுப்பு. பானட்டுக்கு அந்தப் பக்கம் அப்பா நிற்பார் என்று என் கண் தானாகப் போனது.

இருபத்திரண்டு என்றால் எஞ்சினின் சூட்டைச் சொல்லும் சென்சார். போய்ப் பார்த்தால் அதன் ஒயரை எலி கடித்திருந்தது. தம்பி முனைகளைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றினான். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. எஞ்சினைப் போட்டதும் விளக்கு மறுபடி எரிந்தது. பழையதை மறக்கடிக்க ஃபியூஸைச் சற்று நேரம் கழற்றி வைக்க வேண்டும், அவ்வளவுதான். தம்பி ஃபியூஸ் பெட்டியைத் திறக்கப் போனபோது அம்மா இறங்கிவந்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

அதைத் தொடக் கூடாதாம். வண்டியும் காயலான் கடைக்குப் போகக் கூடாதாம். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்றால் எப்படி என்று கத்திவிட்டேன்.

"அதைக் கழட்டினா கடிகாரமும் அணைஞ்சிடும்," என்றாள் அம்மா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரேடியோவுக்கு மேலே பச்சை எழுத்தில் ஓடும் சின்னக் கடிகாரம். அம்மா எங்கே கிளம்பினாலும் தாமதம். அதனால் அப்பா அதைக் கால் மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார். வண்டியில் உட்கார்ந்து நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று என்று ஹாரன் அடிப்பார். அம்மா ஹேர்பின்னை வாயில் கவ்விக்கொண்டு ஓடிவருவாள். மணியைப் பாரு என்று அந்தக் கடிகாரத்தைக் காட்டுவார்.

"வண்டி வாங்கின வாரமே கண்டுபிடிச்சிட்டேன். ஏமாந்த மாதிரியே இருந்துட்டேன். பாவம், மனுஷனுக்கு அதுல ஒரு சந்தோஷம். மத்த கடிகாரமெல்லாம் ஊருக்காக ஓடுது. இது ஒண்ணுதான் எனக்காக அவர் வெச்சது. அவர் வெச்சது இன்னும் ஓடிக்கிட்டிருக்கு."

தம்பி தலை குனிந்துகொண்டான். நான் ஓட்டை வாய், எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் இத்தனை வருஷம் காப்பாற்றி வைத்திருந்தேன். என்னை ஹாஸ்டலில் விடப் போகும்போது இதே வண்டியில் அப்பா சொன்னது அது.

"அவருக்குத் தெரியும்மா," என்றேன். "உங்கம்மா கண்டுபிடிச்சிட்டா, தெரியாத மாதிரி நடிக்கிறா, நானும் தெரியாத மாதிரி நடிக்கிறேன், நீ உளறிடாதேன்னார்."

அம்மா என்னையே பார்த்தாள். முதலில் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகை.

"சரியான கள்ளன்," என்றாள்.

மூக்கைச் சிந்திவிட்டு அவளே ஃபியூஸைப் பிடுங்கினாள். பச்சை எழுத்து அணைந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவளே திரும்பச் செருகினாள். எஞ்சினைப் போட்டோம், மஞ்சள் விளக்கு அணைந்தே கிடந்தது. கடிகாரம் பூஜ்யத்தில் மின்னிக்கொண்டிருந்தது. சரியான நேரம் வைக்கிறேன் என்று தம்பி போனை எடுத்தான். அம்மா அவன் கையில் பட்டென்று ஒன்று வைத்தாள். மணி என்ன என்று மட்டும் கேட்டுக்கொண்டு, பொத்தானை அழுத்தி அழுத்தி, கால் மணி நேரம் தாண்டிப் போய் நிறுத்தினாள்.

மறுநாள் காலை வண்டி வாசலில் தயாராக நின்றது. தம்பி ஸ்டியரிங்கில், நான் பின்சீட்டில். கடிகாரப்படி கிளம்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது. அம்மாவைக் காணோம். தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். நான் எட்டி ஹாரனை அடித்தேன். ஒரு அக்கா, ஒரு தம்பி.

"இன்னும் கால் மணி நேரம் இருக்குல்ல, என்ன அவசரம்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அப்பாவிடம் அம்மா ஒரு நாளும் சொல்லாத பதில் அது. தம்பி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். நான் இன்னொரு தடவை ஹாரன் அடித்தேன்.