ஆறாவது நிறுத்தம்

1

இந்தக் கதை பிறந்தது என் தப்பால்தான். ஒளிப்பானேன்? திராட்சைக்குப் பேர்போன பரோசா பள்ளத்தாக்கில் எங்கள் ஊருக்கு வருகிறவர்கள், ஆள்துணை இல்லாமல் தாங்களே நடந்து ஓடையும் பறவையும் பார்க்க ஒரு கையேடு எழுதினேன். எட்டு நிறுத்தங்கள். ஆறாவதில், ஒரு கேட்டுக்கு வெளியே ஓடைக்கரையோடு போகச் சொல்லவேண்டியவள், கேட்டைத் திறந்து உள்ளே போகச் சொல்லிவிட்டேன். உள்ளே இருப்பது மெர்வின் நோவாக்கின் திராட்சைத் தோட்டம்.

(எங்கள் ஊரில் கேட்காமல் அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்தால்கூட மன்னிப்பு உண்டு. திராட்சைத் தோட்டத்துக்குள் நுழைந்தால் கிடையாது. பூட்ஸில் வெளியூர் மண்ணோடு, கொடியின் வேரை உறிஞ்சும் வேர்ப்பேன் ஒன்று ஒட்டிவந்தால் போதும், மெர்வினின் நூற்றைம்பது வயதுக் கொடிகள் காலி.)

2

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மனைவியை இழந்த மெர்வின், கேட்டருகே தன்னந்தனியாக நின்று, மறையும் சூரியனை…'

வேண்டாம். ரொட்டிக்கடை வரிசையில் நின்றபடி எழுதிக்கொண்டிருந்தபோது, என் தோளுக்குப் பின்னாலிருந்து ரோண்டா இதைப் படித்துவிட்டாள். மெர்வினின் மனைவி.

"ஏண்டி கிளெனிஸ், நான் எப்ப செத்தேன்? எனக்கு யாரும் சொல்லவே இல்லையே!"

"கதைக்குக் கொஞ்சம் சோகம் வேணும்னு…"

"அதுக்கு நான்தான் கிடைச்சேனா? உன் புருஷனைக் கொல்லேன்!"

ஆக, ரோண்டா உயிரோடு இருக்கிறாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.

3

நடந்தது இதுதான். கையேடு வெளிவந்த முதல் வாரமே மெர்வின் கேட்டடியில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி ஒன்றை வைத்தான். வருகிறவர்கள் பூட்ஸோடு அதில் நின்று முப்பது எண்ணவேண்டும். பிறகுதான் உள்ளே.

முப்பது எண்ணும்வரை ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டா நிற்பது? மெர்வின் எந்த ஊர் என்று கேட்டான். அப்புறம் கொடிகளை நட்ட கொள்ளுத்தாத்தாவின் கதை. போன வாரம் டாஸ்மேனியாக்காரர்கள் இருவர் கால்மணி நேரம் தொட்டியிலேயே நின்றார்கள், பாதம் ஊறியிருக்கும். என்னோடு பள்ளியில் படித்த காலத்திலிருந்து எதைக் கேட்டாலும் 'ம்' என்றே பதில் சொன்னவன் இவன்!

(இதை நம்பமாட்டீர்கள் என்று இரண்டுமுறை வெட்டினேன். உண்மை என்பதால் மறுபடி சேர்த்தேன்.)

4

கையேட்டின் புதுப் பதிப்பு அச்சுக்குப் போகும் நாள். காலையில் ரோண்டா போன் செய்தாள்.

"அந்தத் தப்பை அப்படியே விட்டுடுடி. இந்த மனுஷன் அங்க பேசிப் பழகி இப்ப வீட்லயும் பேசறாரு. நான் சொன்னேன்னு சொல்லிடாதே."

போனை வைக்கிறேன், வாசலில் மெர்வின்.

"திருத்திடு, கிளெனிஸ். ஒருத்தன் கால் நனைக்காம போனாப் போதும். மொத்தக் கொடியும் போச்சு."

சொல்லிவிட்டும் போகாமல் நின்றான். அந்த முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

முடிவு ஒன்று: திருத்துகிறேன். கொடி பிழைக்கிறது. மெர்வின் மறுபடி 'ம்'.

முடிவு இரண்டு: திருத்தவில்லை. ஒரு நாள், யாரோ ஒருவரின் பூட்ஸில்… (இதை எழுத எனக்குத் தைரியமில்லை.)

5

மூன்றாவதை நான் எழுதவில்லை. மெர்வின் உள்ளே வந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, காது சிவக்க வெளியேறினான். ஒரு எழுத்தும் மாற்றாமல் அச்சுக்கு அனுப்பினேன்:

'6. கேட்டுக்குள் வராதீர்கள். வெளியே நின்று கூப்பிடுங்கள். நான் வருகிறேன்.'

சந்தோஷத்தில் அழுதேன்.

இனி இந்தக் கதையை முடிக்க நான் யார்? இந்தப் பக்கம் வந்தால், கேட்டருகே நின்று நீங்கள் என்ன சொல்லிக் கூப்பிடுகிறீர்களோ, அதுதான் கடைசி வரி. கொஞ்சம் சத்தமாகவே கூப்பிடுங்கள், டிராக்டர் ஓடிக்கொண்டிருக்கும்.