பாதி சிகரெட்

வசந்தி குடியிருக்கும் மாரெட்பள்ளி முழுக்க அவளை வம்புக்காரி என்றுதான் சொல்லும். பேகம்பேட்டில் ஓர் ஆஸ்பத்திரி அதே வம்புக்குச் சம்பளம் கொடுத்து, இதய வார்டு நோயாளிகளைச் சிகரெட்டை விட வைக்கும் வேலையில் அவளை அமர்த்தியிருந்தது. யார் பொய் சொல்கிறார்கள் என்று சட்டைப் பையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாளாம். அவளே சொல்லிக்கொள்வாள்.

பதினோராம் கட்டில் ராமச்சந்திரன், ராணுவ ஆராய்ச்சிக்கூடத்து அதிகாரி. மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து மூன்றாம் நாள். இனிப் புகைத்தால் அடுத்த தடவை ஆம்புலன்ஸுக்கு வேலை இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவரோ, தனக்குச் சிகரெட் பழக்கமே இல்லை என்று சாதித்தார். மனைவி வேதவல்லிக்குப் பயப்படுகிறார் போலும் என்று வசந்தி, அந்த அம்மாளை இளநீர் வாங்க அனுப்பிப் பார்த்தாள். அப்போதும் அதே பதில்தான்.

வேறு யாராவது என்றால் எழுந்து போயிருப்பார்கள். வசந்தி, சிகரெட் பேச்சை விட்டுவிட்டு, யாரோடு டீ குடிப்பீர்கள் என்று விசாரித்தாள். மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. ஆபீஸ் சிநேகிதர் நடேசனாம். திருமுல்கேரியில் இரானி ஓட்டலாம். இருபத்திரண்டு வருஷமாக ஒரே டீயை இரண்டு கோப்பையில் வாங்கி, ஒன் பை டூவாம்.

"சிகரெட்டும் ஒன் பை டூவா சார்?"

"பாதிதானே மேடம். முழு சிகரெட் நான் குடிச்சதே இல்லை."

சத்தியமாக நம்பித்தான் சொன்னார். ஒரு நாளைக்கு எத்தனை பாதி என்று வசந்தி ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினாள். பதினாறு வந்ததும் அவருக்கே வியர்த்துவிட்டது.

மாலையில் நடேசன் சாத்துக்குடியோடு பார்க்க வந்தார். சட்டைப் பை புடைத்திருந்தது. அவரையும் உட்கார வைத்து, சிகரெட்டை விடச் சொன்னாள் வசந்தி.

"எனக்கு எதுக்கு மேடம்? எனக்குத்தான் ஒண்ணும் இல்லியே."

"நீங்க பத்த வெச்சா இவர் கை தானா நீளும் சார். ரெண்டு பேரும் சேர்ந்து விடுங்க. முடியாதுன்னா சொல்லிடுங்க, பன்னிரண்டாம் கட்டில் காலியாத்தான் இருக்கு."

நடேசன் சிகரெட் பாக்கெட்டை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டார்.

ஆறு வாரம் கழித்து இருவரும் வந்தார்கள். ஊதினால் உள்ளே இருக்கும் புகையை எண்ணில் காட்டிவிடும் கருவியை வசந்தி நீட்டினாள். ராமச்சந்திரன் ஊதியது சுத்தம். நடேசன் மட்டும் கருவியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"நேத்து ஒண்ணு பத்த வெச்சேன் மேடம்," என்றார். "பாதி ஆனதும் பழக்கத்துல வலப்பக்கம் நீட்டிட்டேன். இவன் ரெண்டு கையாலயும் டீக்கோப்பையைப் புடிச்சுக்கிட்டு ரோட்டைப் பார்த்துட்டு நிக்கிறான். மீதியை நானே குடிக்கலாம்தான். எப்படிக் குடிக்கிறதுன்னு தெரியல. கீழ போட்டு மிதிச்சிட்டேன்."

வசந்தி ராமச்சந்திரனின் சீட்டில் 'விட்டுவிட்டார்' என்று எழுதினாள். நடேசனுக்கு மறுபடி வந்து ஊதப் புதிதாக ஒரு தேதி போட்டாள். அந்தச் சீட்டையும் ராமச்சந்திரனே வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

"இவனை நான் இழுத்துண்டு வரேன் மேடம்."

பொழுது சாய்வதற்குள் மாரெட்பள்ளிக்கே கதை தெரிந்துவிட்டது. அவர்கள் பெயரை மட்டும் வசந்தி சொல்லவில்லை.