வெள்ளம் பார்த்த வண்டி

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு வாரண்டியை நீட்டித்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் நான் பரிசோதகன். வண்டியைப் பார்த்து என் போனில் 'சரி' என்று நான் குறித்தால்தான் வாரண்டி. ஒரு வண்டிக்கு இருபது நிமிடம். மூன்று வருடத்தில் என் மேல் ஒரு புகார் கிடையாது. அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

செப்டம்பரில், மழை ஓய்ந்த ஒரு சனிக்கிழமைக் காலை, பம்பாய் செம்பூரில் நகுல் என்பவரின் பழைய கார் யார்டுக்கு ஒரு வெள்ளைக் காரைப் பார்க்கப் போனேன். வாங்க வந்திருந்தவர் ஸ்மிதா, மாட்டுங்காக்காரர். கப்பல் கம்பெனியில் ஒப்பந்தங்களைப் படித்துப் பார்ப்பது அவருக்கு வேலை. அவருடைய அப்பா வேங்கடசுப்ரமணியன் நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஜூலை மழையில் ஒரு நாள் டாக்சி கிடைக்காமல் அது தவறி, நெஞ்சில் நீர் கோத்து, ஐ.சி.யூ. வரைக்கும் போய் மீண்டவர்.

"இன்னொரு தடவை தவறினா தாங்க மாட்டார்னு டாக்டர் சொல்லிட்டார். அதுக்குத்தான் கார்" என்றார் ஸ்மிதா.

நான் பானெட்டைத் திறந்து பார்க்கப் பார்க்க, அவர் வாரண்டிக் காகிதத்தைப் பென்சிலோடு படித்துக்கொண்டே என் பின்னால் வந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. இந்தப் பதினான்கு பக்கத்தை எங்கள் ஆபீஸிலேயே யாரும் முழுசாகப் படித்திருக்க மாட்டார்கள்.

"கிளட்ச் பிளேட்?"

"வராது மேடம். தேயற பொருள்."

"பிரேக் பேட், பேட்டரி, பெல்ட்?"

"வராது."

"ஒரு சர்வீஸ் தேதி தப்பினா?"

"மொத்தமா போயிரும்."

"தண்ணி புகுந்து கெட்டுப்போனா?"

"அதுக்கு என்னைக்குமே கிடையாது. எஞ்சின், கியர்பாக்ஸ், ஸ்டியரிங், ஏசி கம்ப்ரஸர். இவ்வளவுதான்."

அவர் பென்சிலால் கோடு கோடாக அடித்துக்கொண்டே வந்தார். நான் எஞ்சின் சத்தம் கேட்டேன், ஓட்டிப் பார்த்தேன், சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன். பெல்ட் புத்தம் புதிதாக இருந்தது. ஆறு வருட வண்டிக்குப் புது பெல்ட் எதற்கு என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. 'சரி' போடப் போனை எடுத்தேன்.

"கார்ப்பெட்டுக்கு அடியில பாக்கலையே நீங்க?"

"அது வழக்கமில்ல மேடம்."

"வழக்கமில்லையா, கூடாதா?"

அந்த வீம்புக்காகவே பின்சீட்டைக் கழற்றினேன். அந்த நேரம் பெரியவர் தண்ணீர் கேட்டதால் ஸ்மிதா அவரிடம் போனார். அவருக்குத் தண்ணீர்கூட மூடியால் அளந்துதான். நான் தனியாகக் கார்ப்பெட்டைத் தூக்கினேன்.

அடியில் இருந்த பஞ்சு விரிப்பு புதிது. கார்ப்பெட்டோடு அதைக் கையால் தைத்திருந்தார்கள். மெழுகு பூசிய கறுப்பு நூல், இரண்டு ஊசித் தையல், ஏழு தையலுக்கு ஒருமுறை பின்னால் திரும்பி ஒரு முடிச்சு. பம்பாய் முழுக்கத் தேடினாலும் அப்படித் தைக்கிறவர் ஒருவர்தான். தாராவியில் தோல் பை தைத்து, பிறகு கார் சீட் வேலைக்கு மாறிய கரீம் பாட்சா. என் வாப்பா.

ஸ்குரூ ஓட்டைக்குள் விரலை விட்டேன். காய்ந்த வண்டல் மண் விரலில் ஒட்டியது. புது பெல்ட்டும் அதற்குத்தான்; சீட் உயரத்துக்குத் தண்ணீரில் நின்ற வண்டி. இன்றைக்கு ஓடும். வயர்களுக்குள் பச்சைத் துரு பூத்து ஒரு நாள், எந்த இடத்தில் என்று சொல்ல முடியாது, அப்படியே நின்றுவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தார்கள், மறைத்தது என் வாப்பாவின் கை. கார்ப்பெட்டைப் போட்டு, சீட்டை மாட்டிவிட்டேன்.

ஸ்மிதா திரும்பி வந்தார். மாட்டியிருந்த சீட்டைப் பார்த்து, அடியில் ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டார் போலிருந்தது. நான் வாய் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"கடைசிப் பக்கமும் படிச்சுட்டேன். கெடக்கூடியது எல்லாத்தையும் வெளில வெச்சுட்டு, கெடாததுக்கு வாரண்டி தரேள். எனக்கு வேண்டாம். வண்டியை மட்டும் எடுத்துக்கறேன். நீங்க ரிப்போர்ட் போட வேண்டாம்."

"யானை வாங்கக் காசிருக்கு, அங்குசம் வாங்கக் காசில்லையா மேடம்?" என்று நகுல், தாராவிக்காரர்களிடம் பழகிய தமிழில் சொல்லிச் சிரித்தார். அவருக்கு உள்ளூர நிம்மதி என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

எனக்கும் நிம்மதிதான், அதை மறைப்பானேன்? தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. ரிப்போர்ட் இல்லை என்றால் நான் பொய் எழுதவும் வேண்டாம், வாப்பாவைக் காட்டிக் கொடுக்கவும் வேண்டாம். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தேன்.

நாற்காலியைத் தாண்டும்போது பெரியவர் என் கையைப் பிடித்தார். அவர் விரல்கள் ஜில்லென்று இருந்தன.

"ஏம்ப்பா, நீ வண்டியெல்லாம் பாக்கறவனோல்லியோ? இது வழியில நின்னுடாதே?"

அந்த ஒரு கேள்விக்குப் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் போனேன். ஸ்மிதா செக் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார்.

"மேடம், இது வெள்ளத்துல நின்ன வண்டி. எடுக்காதீங்க."

"க்யா பக்வாஸ் ஹை! என்ன உளறல் இது!" நகுல் எழுந்துவிட்டார். "பேப்பர் எல்லாம் கிளீனா இருக்கு. வாரண்டி போகலன்னு இவனுக்குக் கமிஷன் போச்சு, அதான் கதை விடறான்."

ஸ்மிதா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எப்படி அவ்வளவு நிச்சயமா சொல்றேள்?"

மண்ணைக் காட்டியிருக்கலாம். மழையில் எல்லா வண்டியிலும் மண் புகும் என்று நகுல் வாதாடியிருப்பார். அவர் வாதாட முடியாத ஒன்று என்னிடம் இருந்தது.

"நனைஞ்ச கார்ப்பெட்ட மறைக்கத் தைச்சிருக்கு. தைச்சது எங்க வாப்பா. அவர் தையல் எனக்குத் தெரியும்."

ஸ்மிதா செக் புத்தகத்தை மெதுவாக மூடினார். அப்பாவைக் கைத்தாங்கலாக டாக்சிக்கு அழைத்துப் போனார். அவர்கள் தெரு முனை திரும்பும் முன்பே நகுல் போனை எடுத்துவிட்டார்.

மதியம் தாராவியில் பட்டறைக்குப் போனேன். வாப்பா ஒரு சீட் கவரைப் பிரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நகுல் சேட்டு போன் பண்ணான். எம் பேரச் சொன்னியாமே."

"சொன்னேன் வாப்பா." பெரியவரைப் பற்றி, டயாலிசிஸ் பற்றி, எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். இந்த வயதிலும் அந்தப் பயம் எனக்குப் போகவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஈரத்தக் காய வச்சுத் தைச்சுக் குடுன்னான், குடுத்தேன். விக்கப் போறான்னு தெரியாமலா இருந்தேன்? தெரியும். நீ சொன்னது நாயம்தான்ல. ஆனா ஒண்ணு கேக்கேன். இத்தன நாளு சொல்லாதவன், இன்னைக்கு மட்டும் ஏன் சொன்னே?"

"எத்தன நாளு?"

"இந்த மழைக்கு ஆறு வண்டி தைச்சேன். அதுல நாலுக்கு நீதான 'சரி' போட்டே? ஒவ்வொண்ணுக்கும் சேட்டு சொல்லுவான், ஒம் மவன் பாஸ் பண்ணிட்டான்னு. தையலப் பாத்துட்டு, வாப்பா பேரு கெட்டிரக் கூடாதுன்னு நீ கண்ண மூடிக்கிட்டன்னு நெனச்சேன். எனக்காவ எம் புள்ள பாவத்தச் சொமக்கானேன்னு தொழுகையில அழுதிருக்கேன்ல."

அவர் கண்களை என்னால் பார்க்க முடியவில்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு வெட்கம் அதற்கு முன் வந்ததில்லை.

"நான் பாக்கவே இல்ல வாப்பா. ஒரு வண்டியிலயும் கார்ப்பெட்டத் தூக்குனதே இல்ல."

வாப்பா ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். அவர் எனக்காக அழுத அழுகைக்குக்கூட நான் தகுதியில்லாமல் போனேன்.

"அந்த நாலு வீட்டு நம்பரும் ஒங்கிட்ட இருக்குமா?" என்றார் கடைசியில்.

கம்பெனி போனில் இருந்தது. தாணேயில் இரண்டு, தாதரில் ஒன்று, பாண்டுப்பில் ஒன்று. பாண்டுப்காரரின் பெயர் கோகிலவாணி. முதலில் அவரை அழைத்து, வாப்பாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். நாலைந்து முறை மணி அடித்த பிறகு எடுத்தார். பின்னால் ஹாரன் சத்தமும், பிள்ளைகள் சண்டை போடுவதும் கேட்டது.

"யாரு? வாரண்டியா? நான் ஹைவேல வண்டி ஓட்டிட்டு இருக்கேன், சீக்கிரம் சொல்லுங்க."

"மேடம், அந்த வண்டி..." என்று ஆரம்பித்தேன். வாப்பா என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"ஓரமா நிப்பாட்டும்மா" என்றார்.