லட்சத்தீவுக்கு ஒத்திகை

எண்பத்தி நாலில் நானும் என் மனைவி சுந்தரம்மாளும் லட்சத்தீவுக்குப் போகத் திட்டம் போட்டோம். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு பவழப்பாறைகளுக்கு நடுவே முக்குளிக்க வேண்டும். கொச்சிக் கடற்படையில் இருந்த நண்பன் எல்லா ஏற்பாடும் செய்துவிட்டு, பழகிப் பார்க்க ஒரு கண்ணாடி முகமூடியும் அனுப்பியிருந்தான். தோட்டத்தில் ஏலக்காய் எடுப்பு முடிந்ததும் கிளம்புவதாக முடிவு. "மலைக்காரனுக்குக் கடலுக்கடியில என்ன சோலி?" என்று எங்கள் போடி ஊரே கேட்டது. கேட்கட்டும்.

பழகுவதற்கு ராசிங்காபுரத்தில் மாமனார் சின்னச்சாமியின் கிணறு இருந்தது. எந்தக் கோடையிலும் வற்றாத கிணறு. அவரோ ஒரேயடியாக மறுத்தார்.

"பாம்பு கெடக்கு மாப்ளே. எறங்காதீக."

நான் என்ன சின்னப்பிள்ளையா? ஆத்திரத்தில் முகமூடியை மாட்டிக்கொண்டு குதித்தேன்.

பச்சைத் தண்ணீருக்கடியில் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. மேலே வந்து மூச்சு வாங்கியபடியே சொன்னேன்: "அடியில ஒரு சைக்கிள் கெடக்கு. மணி மேல மயில் பொம்மை."

சுந்தரம்மாள் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அந்த மணியை அவள்தான் தம்பி பால்பாண்டிக்கு வாங்கிக் கொடுத்தாள். ஒன்பது வருடத்துக்கு முன் அவன் அப்பாவோடு சண்டை போட்டு, அந்தச் சைக்கிளோடு போடிமெட்டு மலைப்பாதை வழியாகக் கேரளாவுக்கு ஓடிப்போனான் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த கதை.

"அவன் போடிமெட்டு ஏறுனதக் கண்ணால பாத்தேன்னு சொன்னீகளேப்பா!"

மாமனார் அவள் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு படி இறங்கிவந்து என்னிடம் மெதுவாகக் கேட்டார்:

"சைக்கிளு மட்டுந்தான் தெரிஞ்சுதா மாப்ளே?"