ஆறாவது பட்டன்

இரண்டாவது ஆட்டம் தொடங்கியும் தாடிக்காரன் அசையவில்லை. முதல் ஆட்டத்தில், நான் ஒரு கையில் டீயை வைத்துக்கொண்டு, மறுகையால் பட்டன் பலகையைத் தட்டி அலட்சியமாக ஆடியதால், தட்டுத் தடுமாறி என்னை ஜெயித்திருந்தான். இப்போது திரையின் வலது ஓரத்தில் கைகளைத் தொங்கவிட்டு, மூச்சுக்குத் தோள் மட்டும் ஏறி இறங்க, சும்மா நின்றான். இணையம் கோளாறு செய்கிறது என்று நினைத்தேன். "அந்தாளு போயிட்டான் போலிருக்கு, நீயும் வெளிய வாம்மா" என்றாள் என் மகள், போனிலிருந்து தலையைத் தூக்காமலே. எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்தில் போய் ஒரு குத்து விட்டேன். குத்து விழுந்ததும் தாடிக்காரன் உயிர் வந்தவன்போல் பாய்ந்து வந்தான். என் டீ மேஜைமேல் கொட்டிவிட்டது.

ஒரு அடி வாங்கிக்கொண்டு ஆட்டத்தைத் தொடங்குகிறவர்கள் இந்த உலகத்தில் ஒரே கடையில்தான் இருந்தார்கள். அது எங்கள் அப்பாவின் லாண்டரிக் கடை. அங்கேயும் தாடிக்காரனைத் தேர்ந்தெடுக்க ஒருவனுக்குத்தான் உரிமை உண்டு. வேறு யாராவது தொட்டால் என் அண்ணன் ஊரை இரண்டாக்கிவிடுவான்.

காசு போட்டால் திரையில் இரண்டு பேர் அடித்துக்கொள்ளும் அந்தச் சண்டை மெஷின் கடை வாசலில், துணி வாங்க வருகிறவர்களுக்கு இடைஞ்சலாக நின்றது. அப்பாவுக்கு அதில் பங்கு எதுவும் கிடையாது. சொந்தக்காரர் வாரம் ஒருமுறை வந்து சில்லறையை அள்ளிக்கொண்டு போவார். மேலே மூன்று குத்து, கீழே மூன்று உதை என்று ஆறு பட்டன். அதில் கீழ்வரிசையின் கடைசிப் பட்டன், பலமான உதைக்கு உரியது, நாங்கள் பார்த்த நாள் முதலாகச் செத்துக் கிடந்தது. ரிப்பேர் செய்யச் சொன்னால் சொந்தக்காரர், "அஞ்சு வேலை செய்யுதில்ல? உங்களுக்கு இருக்கிற திறமைக்கு அதுவே ஜாஸ்தி" என்பார். அதனால் எங்கள் தெருவே அந்த உதை இல்லாமல் சண்டை பழகியது. அண்ணன் ஒருமுறை வேறு பக்கம் போட்டிக்குப் போய், ஆறும் வேலை செய்கிற மெஷினில் ஐந்தை மட்டும் அடித்துத் தோற்றுவிட்டு வந்தான். பழக்க தோஷம்.

ஒரு அடி சட்டம் அப்பா போட்டது. தோற்றவன் ஜெயித்தவனை நிஜமாகவே வாசலில் போட்டு அடிப்பது வழக்கமாகிப்போய், வெளுத்த துணியெல்லாம் மண்ணானது. அப்பா ஈரக் கையோடு வெளியே வந்து, "ஜெயிச்சவன் அடுத்த ஆட்டத்துல மொதல்ல ஒரு அடி வாங்கிக்கணும். வாங்கிட்டு அப்புறம் ஆடு. இஷ்டமில்லன்னா கெளம்பு" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். அதற்கு 'அப்பா அடி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. தெருச் சண்டை அதோடு நின்றது என்று சொல்ல மாட்டேன், குறைந்தது.

பிறகு அவரவர் வீட்டுக்கே டிவியில் மாட்டி ஆடும் விளையாட்டுப் பெட்டிகள் வந்தன. காசு போட்டு நின்றுகொண்டு ஆட யாருக்குத் தலையெழுத்து? வாசலில் கூட்டம் வடிந்தது. மெஷினைத் தூக்கிக் கடைக்குள் ஓரமாகப் போட்டார்கள், அதன் தலைமேல் துண்டுகள் அடுக்கப்பட்டன. அதற்கப்புறம் துப்பாக்கி விளையாட்டு, கார் விளையாட்டு, பந்து விளையாட்டு என்று ஒவ்வொன்றாக வந்து, இரண்டு பேர் எதிரெதிரே நின்று அடித்துக்கொள்வதைக் கேட்பாரற்றுப் போக வைத்தன. அது ஒழிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் பழைய சட்டைக் காலர் திரும்ப வருவதுபோல அதுவும் வந்துவிட்டது. இப்போது அரங்கம் பிடித்து, மேடை போட்டு, வர்ணனை சொல்லி நடத்துகிறார்கள். என் மகள் சாப்பிடும்போதெல்லாம் போனில் பார்ப்பது அதைத்தான். அவள் ஆடுவது புதிய பதிப்பு, இலட்சம் பேர் ஆடுவது. நான் அதோடு இலவச இணைப்பாக வந்த பழைய பதிப்பை, இணையத்தில் அதற்கென்று இருக்கும் அறையில் ஆடுகிறேன். "அந்த ரூம்ல இருக்கிறவங்கள விரல் விட்டு எண்ணிடலாம். முதியோர் இல்லம்மா அது" என்பாள். இருக்கட்டும். பல்செட் செய்கிறவள் நான், பகல் முழுக்க யாரோ ஒருவரின் ஈறு அச்சைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். சாயங்காலம் நாலு பேரை உதைத்தால்தான் கழுத்து நிமிர்கிறது.

அண்ணன் வேறு ஊரில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். கடை முகப்புக்கு ஆளுயரக் கண்ணாடி ஒன்றைத் தூக்கி மாட்டும்போது அது மூலையில் உடைந்து, அவனுடைய வலது மணிக்கட்டை அறுத்துவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை. மோதிர விரலும் சுண்டுவிரலும் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அறுந்த நரம்பை ஆபரேஷன் செய்து ஒட்டினார்கள். இனி அவன் பயிற்சி செய்வதில்தான் இருக்கிறது, விட்டுவிட்டால் விரல் அப்படியே விறைத்துவிடும் என்றார் டாக்டர். பிழிந்து பழக ஒரு ரப்பர் பந்தும் கொடுத்தார்கள். "பந்து வச்சு வெளையாட நான் என்ன கைக்குழந்தையா?" என்று அதை ஜன்னல் வழியாக வீசியவன்தான், அதன்பின் பேச்சையே நிறுத்திவிட்டான். வாய் ஓயாத மனிதன். கண்ணாடி வாங்க வந்தவரிடம் அவர் மாமியார் கதை வரைக்கும் பேசி அனுப்புகிறவன். நான் போன் செய்தால் "ம்" என்பான். கை எப்படி இருக்கு என்று கேட்டால் அந்த "ம்" கூட வராது.

பல்செட் வாங்கிப் போகிறவர்கள் முதல் வாரம் அதை டம்ளரில் போட்டு வைத்துவிட்டு, பொருந்தவில்லை என்று திரும்பி வருவார்கள். வாயில் போடாத பல் எப்படிப் பொருந்தும் என்று திட்டி அனுப்புவேன். அண்ணனை அப்படித் திட்ட எனக்கு நா எழவில்லை. அந்தக் கை போய்விட்டால் தொழில் போய்விடும் என்பதைவிட, அவன் இப்படியே உட்கார்ந்துவிடுவானோ என்பதுதான் எனக்குப் பயம்.

டீ கொட்டிய அன்று மாலை, தாடிக்காரன் அவன்தான் என்று தெரிந்ததும் அண்ணிக்குப் போன் போட்டேன். "ஆமா, உனக்கு யார் சொன்னது?" என்று அவள் ஆச்சரியப்பட்டாள். "ஆறு பட்டன் வச்ச பலகை ஒண்ண வாங்கிட்டு வந்து மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். என்னமோ செய்யட்டும்னு விட்டுட்டேன். நீயும் எதுவும் கேட்டு வைக்காத, அதையும் ஜன்னல் வழியா போட்டுடுவார்."

நான் கேட்கவில்லை. தினமும் வேலை முடிந்து வந்ததும் அந்த அறைக்குள் போவேன், தாடிக்காரன் இருப்பான். அவன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண்கள். என் மகள் எனக்கு வைத்துவிட்ட பெயர் 'பல்லரசி'. அதைப் பார்த்தும் அவனுக்குப் புரியாமல் இருந்திருக்குமா? ஆனாலும் ஒரு வார்த்தை எழுதமாட்டான், நானும் எழுதமாட்டேன். ஜெயித்தவர் ஒரு அடி வாங்கிக்கொள்வோம், பிறகு ஆடுவோம். இடதுகையால் தாடிக்காரனை அவன் நகர்த்துவது பழைய மாதிரியே இருந்தது. அடிதான் பிசகியது. இரண்டு விரலால் வீட்டைப் பெருக்குகிறவன் மாதிரி, ஒரு குத்துக்கும் அடுத்த குத்துக்கும் நடுவில் பெரிய ஓட்டை விழுந்தது. அந்த ஓட்டையில் புகுந்து நான் அடிப்பேன். அடித்துவிட்டு மனசு கேட்காமல் உட்கார்ந்திருப்பேன்.

மனசு கேட்காததால்தான் அந்த மடத்தனத்தைச் செய்தேன். ஒருநாள் அவன் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தான். பாவம், ஒரு ஆட்டமாவது ஜெயிக்கட்டும் என்று தடுக்க வேண்டிய இடத்தில் தடுக்காமல் நின்றேன். தாடிக்காரன் ஓங்கிய கையை இறக்கினான். பிறகு திரையில் எதிராளி வெளியேறிவிட்டார் என்று வந்தது.

எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். விட்டுக்கொடுத்து ஜெயிக்க வைத்தால் அவனுக்கு அது பிச்சை. தெரிந்தும் போட்டேன். மறுநாள் அறையில் அவன் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அண்ணியைக் கேட்டால், "பலகைய பீரோ மேல தூக்கிப் போட்டாச்சு. கை மடங்கிக்கிட்டே வருதுடி, சொன்னா கேக்க மாட்டேங்கறார்" என்று அழுதாள். பரிதாபப்பட்டு நானே அவன் விரலை ஒடித்துவிட்டதுபோல் இருந்தது. மெழுகில் வரிசை பிசகாமல் நடும் எனக்கு அன்று ஒரு பல்கூட நேராக நிற்கவில்லை. என்னோடு வேலை செய்யும் மூத்தவர் என்னைப் பார்த்து, "வீட்டுக்குப் போம்மா, யார் வாயோ கெட்டுடப் போகுது" என்றார்.

வீட்டுக்குப் போகாமல் பல்செட் செய்யும் கூடத்துக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து அண்ணனைக் கூப்பிட்டேன்.

"ம்" என்றான்.

"சும்மாதான் பண்ணேன். நெட்ல ஒருத்தன்கூட ஆடிட்டிருந்தேன்ணா. தாடிக்காரன். பயந்து ஓடிட்டான்."

வைத்துவிடுவான் என்றே நினைத்தேன்.

"யாரு ஓடுனது?" என்றான்.

"அவன்தான்."

"அவன் ஒண்ணும் ஓடல. எதிர்ல இருக்கிறவ பிச்சை போட்டா எவன் கையேந்தி வாங்குவான்?"

"இனிமே போடமாட்டா."

"அப்பா மேல சத்தியமா?"

"சத்தியமா. தோலை உரிச்சு தொங்க விட்டுடுவா."

"ம்" என்றான். ஆனால் இது வேறு "ம்". பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பீரோ மேல் எட்ட வேண்டுமானால் அவனுக்கு நாற்காலி வேண்டும். படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து நான் சிரித்ததைப் பார்த்து மேலே பல் டாக்டரிடம் போய்க்கொண்டிருந்த நோயாளி ஒருவர் ஒதுங்கிப் போனார்.

அதற்குப் பிறகு நான் ஈவு இரக்கம் பார்க்கவில்லை. மகளே, "பாவம்மா, யாரோ வயசானவரு போலிருக்கு" என்கிற அளவுக்கு அடித்தேன். அவன் தோற்கத் தோற்க வந்தான். வாரங்கள் போகப் போக அந்த ஓட்டை கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்தது. நான் புகுவதற்குள் கதவு சாத்திக்கொண்டது. அவன் பந்து பிழிவதாக அண்ணி சொன்னாள், அதுவும் தோட்டத்தில் தேடி அவனே எடுத்து வந்தானாம். கையைப் பற்றி நான் மட்டும் மூச்சு விடவில்லை.

நேற்று ஆளுக்கொரு சுற்று ஜெயித்துச் சமமாக நின்றோம். திரையில் எனக்கு உயிர்க்கோடு பாதிக்கு மேல் இருந்தது, அவனுக்கு நூல் அளவு. சின்னக் குத்து வந்தது, தடுத்தேன். நடு உதை வந்தது, அதையும் தடுத்தேன். இதோடு அவனிடம் சரக்கு தீர்ந்துவிடும் என்று எனக்குத் தெரியும், இத்தனை வருஷமாகத் தெரியும். கையை எடுத்து அடிக்கப் போனேன். தாடிக்காரன் ஒரு காலில் முழுசாகச் சுழன்றான். தாடி ஒரு பக்கம் பறக்க, இன்னொரு கால் என் முகத்துக்கு வந்தது. மெஷின் தானாக ஆடும்போது தவிர, ஆறாவது பட்டனின் அந்த உதையை நான் பார்த்ததே இல்லை. அண்ணன் கையிலிருந்து ஒருநாளும் பார்த்ததில்லை. எழுந்திருக்குமுன் இன்னொன்று. பிறகு இன்னொன்று. நடு உதைக்கும் அதற்கும் இடையில் கையைத் தூக்கி வைக்க நேரமே கிடையாது. கடைசி விரல்கள் இருந்த இடத்திலேயே மடங்கினால்தான் அது முடியும்.

நான் தரையில் கிடந்தேன். தோற்றுப்போனதில் இவ்வளவு சந்தோஷம் எனக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை. அப்படியே சோபாவில் சரிந்து, கண்ணைப் புடவைத் தலைப்பால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க வந்தது. "தோத்ததுக்கா அழற?" என்று மகள் கேட்டாள். "ஆமா, நல்லா வாங்கிட்டேன்" என்றேன்.

அடுத்த ஆட்டம் தொடங்கிவிட்டது. தாடிக்காரன் வலது ஓரத்தில் கைகளைத் தொங்கவிட்டு நின்றான். மேலே நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அசையவில்லை, அப்பா அடிக்காகத் தோள் ஏறி இறங்கக் காத்திருந்தான். "அடிம்மா, எவ்வளவு நேரம் நிப்பார்?" என்றாள் மகள். பக்கத்தில் போய் நின்றேன். வழக்கமாக நான் விடுவது குத்துதான். என் சுண்டுவிரல் அதைத் தாண்டி, கீழ்வரிசையின் கடைசிப் பட்டனைத் தேடிக்கொண்டு போனது.