பூட்டிய மைதானத்துக்கு வெளியே இரண்டாயிரம் தொண்டை

மூன்று வாரமாக அந்தத் தெருவில் யாரும் சங்குவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சலூன்காரர் சவரம் செய்யும்போதுகூட வாயைத் திறக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கத்தியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு மௌனம் சாதிக்கும் சலூன்காரரைவிடப் பயங்கரமான மனிதர் உண்டா? சங்கு கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

குற்றம் அவன்மேல்தான், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால், சொந்த மைதானத்தில், கடைசி நிமிடத்தில் சிவப்புச் சட்டை அணி கோல் அடித்தது. அந்தச் சந்தோஷத்தில் சங்கு கம்பி வேலியைத் தாண்டிக் குதித்தான். குதித்தவன் சும்மா ஆடிவிட்டு வந்திருக்கலாம். எதிரே கொடியோடு நின்ற லைன்ஸ்மேனை அலாக்காகத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஓடினான். மனிதர் கொடியை ஆட்டி ஆட்டிக் கத்தியது எல்லாத் தொலைக்காட்சியிலும் வந்தது. தண்டனை உடனே வந்தது: சொந்த மைதானத்தில் அடுத்த ஆட்டம், அதுவும் பருவத்தின் கடைசி ஆட்டம், பார்வையாளர் ஒருவர்கூட இல்லாமல் பூட்டிய மைதானத்தில் நடக்கும்.

அந்தக் கடைசி ஆட்டம் லேசுப்பட்டதா? ஜெயித்தால் முதல் பிரிவில் நீடிக்கலாம். சமனில் முடிந்தால்கூடக் கீழே இறங்க வேண்டியதுதான். சொந்த மைதானத்தில் எதிரணியை நடுங்க வைப்பதே கேலரியின் சத்தம்தான். அந்தச் சத்தத்தைப் பத்து வருடமாக நடத்துகிறவன் சங்கு. புதிதாக அவன் ஒன்றும் செய்துவிடவில்லை, வேலையில் பழகிய சைகைகளைக் கொண்டுவந்தான், அவ்வளவுதான். விரலை மேலே சுழற்றினால் சத்தம் ஏற வேண்டும். உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் தணிய வேண்டும். முஷ்டியை மடக்கித் தூக்கினால் ஈ எறும்பு சத்தம்கூட இருக்கக் கூடாது.

வேலை என்று சொன்னேன் அல்லவா? மைதானத்துக்கு எதிர்ப்புறம், தெருவுக்கு இந்தப் பக்கம், ஒரு அடுக்குமாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. அங்கே கோபுர கிரேனுக்கு சிக்னல்மேன் அவன். மேலே கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து கிரேனை ஓட்டுகிறவள் அவனுடைய அக்கா. இருவருக்கும் நடுவில் ஒரு வாக்கி டாக்கி. அந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. பாரம் நகர்ந்து முடியும்வரை பேச்சு நிற்கக் கூடாது. இருவரில் யார் பேச்சு நின்றாலும், அந்த நொடியே எல்லாம் நின்றுவிட வேண்டும். ஏன் எதற்கு என்று யோசிக்கிற நேரத்தில் யார் தலையிலாவது இரும்பு விழுந்துவிடும்.

அக்காவுக்குக் கால்பந்து என்றாலே ஆகாது. "வேலை வெட்டி இல்லாத இருபத்திரண்டு பேரு ஒரு காத்துப் பையைத் துரத்துறாங்க, அதை வேலை வெட்டி இருக்குற நீங்க பாக்குறீங்க" என்பாள்.

ஆட்டத்தன்று கான்கிரீட் லாரி வரத் தாமதம். கிரேனுக்கு வேலை இல்லை, ஆனால் அக்கா கூண்டைவிட்டு இறங்கவும் முடியாது. சங்கு கட்டடத்தின் வாசலில் ஹெல்மெட்டோடு நின்றான். எதிரே மைதானத்தின் நீளச் சுவர். நடுவே தெருவில் இரண்டாயிரம் பேர் வந்து குவிந்துவிட்டார்கள்! உள்ளே விடாவிட்டால் என்ன, தெருவில் நிற்பதை யார் தடுப்பது? சலூன்காரர் தன் பெரிய டிரம்மைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முன்னால் நின்றார். சங்குவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விசில் ஊதியது. எல்லோரும் கைபேசியில் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு கத்தினார்கள். கத்தல் என்றால் கத்தல், காக்கையெல்லாம் ஊரைவிட்டுப் பறந்தது. ஆனால் என்னவோ சரியில்லை. கத்தி முடித்தால் உள்ளே ஆட்டக்காரர்கள் போடும் சத்தம் வேறு மாதிரி வருகிறது.

இடைவேளையில் மைதானத்தின் காவலாளி சின்னக் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "கேப்டன் சொல்லி அனுப்பினாரு. ஒண்ணு நேரத்துக்குக் கத்துங்க, இல்லைன்னா வாயை மூடிக்கிட்டு இருங்க. கோல்கீப்பர் சொல்றது நம்ம ஆளுங்களுக்கே கேக்கலையாம். ரெண்டு தடவை தப்பிச்சது தெய்வச் செயல்!"

தெரு முழுக்க முணுமுணுப்பு. "முதல்ல உள்ள போக முடியாமப் பண்ணினான், இப்ப இது வேற" என்று யாரோ சங்குவின் காதுபடவே சொன்னார்கள். அப்போது அவன் இடுப்பில் இருந்த வாக்கி டாக்கி கரகரத்தது.

"டேய், ஒண்ணு கேக்கணும். நீங்கள்லாம் எதுக்குடா பந்து போனப்புறம் கத்துறீங்க? பந்து இந்த மூலைக்கு வந்து அரை நிமிஷம் ஆனதுக்கப்புறம் அந்த மூலைக்குக் கத்துறீங்க. கேக்கச் சகிக்கல."

சங்குவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கைபேசியில் படம் அரை நிமிடம் பிந்தி வருகிறது! அட மடையா, தலைக்கு மேலே இருநூறு அடி உயரத்தில் ஒரு ஜோடிக் கண்ணை வைத்துக்கொண்டு எதைப் பார்த்துக்கொண்டிருந்தாய்?

"அக்கா! உனக்கு மைதானம் முழுசாத் தெரியுதா?"

"வேற என்ன தெரியும் இங்கிருந்து? தலைவலிதான்."

"அக்கா, உன் கால்ல விழுறேன். பந்து எங்க இருக்குன்னு சொல்லிக்கிட்டே இரு. நிறுத்தாம சொல்லு."

"எனக்கு அதுல ஒரு எழவும் தெரியாதுடா."

"பாரம் தெரியும்ல? பந்துதான் பாரம். சிவப்பு நாம, மஞ்சள் அவங்க. அவ்வளவுதான்."

சங்கு மணல் மூட்டைகள்மேல் ஏறி நின்றான். "எல்லாரும் போனை உள்ள வைங்க! என் கையைப் பாருங்க!" என்று கத்தினான். யாரும் அசையவில்லை. சலூன்காரர்தான் அவனை ஒரு கணம் முறைத்துவிட்டு, தன் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டார். மற்றவர்களும் போட்டார்கள்.

கோல் எதுவும் விழாமலே இரண்டாம் பாதி தொடங்கியது. அக்காவின் குரல் வந்தது, தினமும் இரும்புக் கம்பி ஏற்றும்போது வரும் அதே குரல்.

"மஞ்சள்கிட்ட இருக்கு... இடப்பக்கம் போகுது... போகுது... இன்னும் இருபது அடி..." சங்கு விரலைச் சுழற்றினான், இரண்டாயிரம் பேர் சீழ்க்கை அடித்தார்கள். "தூக்கிட்டான், மேல போகுது, இறங்குது, இறங்குது, நம்ம கோல்கீப்பர் பிடிச்சுட்டாரு. என்னமோ கத்துறாரு." முஷ்டி மேலே போனது. தெரு கப்சிப். கோல்கீப்பர் தன் ஆட்களைக் கூப்பிடும் குரல் சுவர் தாண்டித் தெருவுக்கே கேட்டது!

இப்போது ஆட்டமே மாறிவிட்டது. காலி நாற்காலிகளுக்கு நடுவில் அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது, எப்படிச் சரியான நொடியில் வருகிறது என்று மஞ்சள் அணிக்குப் புரியவே இல்லை. எழுபதாவது நிமிடத்தில் அக்காவின் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

"மஞ்சக்காரன் ஒருத்தன் பந்தோட நிக்கிறான். பின்னாடி நம்மாளு வர்றான்டா! இன்னொரு மஞ்சக்காரன் அவன்கிட்ட கத்திச் சொல்றான்..."

"அவனுக்குக் கேக்கக் கூடாது!" சங்குவின் விரல் பம்பரமாகச் சுழன்றது. டிரம் அதிர்ந்தது, சுவர் அதிர்ந்தது.

"கேக்கல! அவனுக்குக் கேக்கல! பிடுங்கிட்டான்! ஓடுறான், பத்து அடி, அஞ்சு அடி, இறக்கிட்டான்! வலைக்குள்ள இறக்கிட்டான்டா!"

தெருவே துள்ளியது. முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். சலூன்காரர் சங்குவைப் பார்த்தார். சிரிக்கவில்லை, ஆனால் முகத்தைத் திருப்பவும் இல்லை.

ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது இடி விழுந்தது.

"என்னடா, நம்மாளு மஞ்சக்காரன் காலைத் தட்டிட்டான். நடுவர் ஒரு வெள்ளைப் புள்ளியைக் காட்டுறாரு."

சங்கு வாக்கி டாக்கியை வாயருகே இழுத்தான். "பெனால்டி, அக்கா. ஒருத்தன் அடிப்பான், ஒருத்தன் தடுப்பான். போச்சுன்னா எல்லாம் போச்சு."

"எல்லாம்னா?"

"இந்தத் தெருவுல என் மூஞ்சியைப் பாக்காதவங்க சாகுற வரைக்கும் பாக்க மாட்டாங்க."

"சரி, கத்துங்க. நான் சொல்றேன்" என்றாள் அக்கா.

அப்படி ஒரு சத்தம் அந்த ஊர் கேட்டதில்லை. சங்குவின் தொண்டை கிழிந்தது. "பந்தை வச்சுட்டான்... நாலு அடி பின்னாடி போறான்... அஞ்சு... நிக்கிறான்... நடுவர் விசிலை வாயில வச்சுட்டாரு..."

அத்தோடு குரல் நின்றது.

குரல் நின்றால்? பதினைந்து வருட கிரேன் வேலையின் பழக்கம் யாரைக் கேட்டுக்கொண்டு வரும்? சங்குவின் முஷ்டி தானாக மேலே போனது. அதைப் பார்த்துப் பழகிய இரண்டாயிரம் பேரும் ஒரே வெட்டில் அடங்கினார்கள். சலூன்காரரின் டிரம் குச்சி அந்தரத்தில் நின்றது, அவர் கண் பிதுங்கியது. ஐயையோ, என்ன காரியம் செய்தேன் என்று சங்குவுக்கு அப்போதுதான் உறைத்தது. இனிக் கத்தச் சொல்லவும் நேரமில்லை.

நிசப்தத்தில் விசில் கேட்டது. ஓடிவரும் காலடிகள் கேட்டன. கால் பந்தில் பட்டது கேட்டது. அடுத்து "டணார்!" என்று கம்பம் அதிர்ந்தது.

கம்பத்தில் பட்டு உள்ளே போனதா, வெளியே போனதா? இரண்டாயிரம் பேரும் வாக்கி டாக்கியையே பார்த்தார்கள். அதில் பேச்சு மூச்சு இல்லை.

பதில் வானத்திலிருந்து வந்தது. ஆபத்துக்கு மட்டுமே அடிக்க வேண்டிய கிரேன் ஹாரனை அக்கா விடாமல் அழுத்திக்கொண்டிருந்தாள்! "வெளிய! வெளியடா! வெளிய போயிடுச்சு!" என்று வாக்கி டாக்கியில் அவள் அழுதாளா சிரித்தாளா என்றே தெரியவில்லை.

ஆட்டம் முடிந்ததும் காவலாளி மூச்சிரைக்க ஓடிவந்தார். "அடிச்சவன் சொல்றான், கத்தினப்போ ஒண்ணுமே தோணலையாம். சத்தம் திடீர்னு நின்னதும் என்ன ஆச்சோன்னு தலையைத் தூக்கிட்டானாம். கால் தப்பிடுச்சாம்!"

சலூன்காரர் மூட்டைமேல் ஏறி சங்குவைக் கட்டிக்கொண்டார். "யோவ், அந்த நேரத்துல நிறுத்தணும்னு உனக்கு எப்படிய்யா தோணுச்சு? மூளைக்காரன்யா நீ!" சங்கு உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. குரல் சுத்தமாகப் போயிருந்தது.

"டேய்" என்றாள் அக்கா. "நான் பேச்சை நிறுத்தினது தப்புதான். மூச்சு விடவே மறந்துட்டேன்டா, எங்க பேசுறது?"

தெருமுனையில் கான்கிரீட் லாரி ஹாரன் அடித்தது. கூட்டம் ஒதுங்கி வழிவிட, லாரி கட்டடத்துக்குள் நுழைந்தது. குரல் இல்லாத சங்கு, கொக்கியை இறக்கச் சொல்லிக் கையைக் கீழ்நோக்கி நீட்டி விரலைச் சுழற்றினான். பார்த்துக்கொண்டிருந்த இரண்டாயிரம் பேரும் அப்படியே கையை நீட்டிச் சுழற்றினார்கள்.

"எல்லாரும் கையை எடுங்கய்யா!" வாக்கி டாக்கி அலறியது. "இதுல எதுடா என் தம்பி கை?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. சலூன்காரர்தான் முதலில் கையை இறக்கினார். ஒவ்வொருவராக எல்லோரும் இறக்கி, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொக்கி மெல்ல இறங்கி வந்தது.