ஜூலை பதினெட்டிலிருந்து

சவப்பெட்டியில் கிடந்த தியோடரின் கறுப்புக் கோட்டுக்குப் பித்தானைப் போட்டபடியே, அல்போன்சா பக்கத்து வீட்டு பியாட்ரிஸிடம் மூன்றாவது முறையாகச் சொன்னாள்: "கடைசியா அவரு ஆசைய நிறைவேத்திட்டேன் பியாட்ரிஸ். என் கையாலயே சிகரெட் பத்த வச்சுக் குடுத்தேன்."

இருபத்துநான்கு வருஷத்தில் அவள் கணவனுக்கு மனம் இரங்கிச் செய்தது அது ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டுதான் காலை ஒன்பதரையிலிருந்து அழாமல் நிற்கிறாள்.

விபூதிப் புதனில் தொடங்கி ஈஸ்டர் வரை நீளும் ஒவ்வொரு தபசு காலத்திலும் தியோடர் சிகரெட்டை விடுவார். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே பற்றவைப்பார். இடையில் அல்போன்சா காலண்டரில் பென்சிலால் நாள்களை அடித்துக்கொண்டே வருவாள். "இன்னும் பதினோரு நாள்தான். பொறுத்துக்குங்க" என்பாள். ஜோகுபாளையத்தில் அவர்கள் தெருவே சிரிக்கும். அவரும் சிரிப்பார்.

இன்று காலை மூச்சு இழுக்கத் தொடங்கியபோது, அவர் கோட்டுப் பையிலிருந்த பாக்கெட்டிலிருந்து ஒன்றை உருவினாள். புகையிலை காய்ந்து உதிர்ந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேச்சு நின்று இரண்டு நாள் ஆகியிருந்தது. "எங்கிட்ட என்ன வெக்கம்?" என்று தாடையைப் பிடித்துத் திருப்பி உதட்டில் வைத்தாள். இரண்டு இழுப்பு. பிறகு இருமல். அரை மணியில் முடிந்துபோயிற்று.

மூன்று மணிக்கு ஓஸ்வால்ட் வந்தார். ரயில்வே பார்சல் ஆபீசில் தியோடருக்கு எதிர் மேசை. மகள் டோரதி நாற்காலி போட்டாள். அவர் உட்காரவில்லை.

"சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாரும்மா. இனிமே என்ன. சிகரெட்டத் தொட்டு ஏழு மாசம் ஆச்சு. ஜூலை பதினெட்டுலேர்ந்து."

"பையில பாக்கெட் இருந்திச்சே."

"அது அப்போ வாங்கின பழைய பாக்கெட்டு. உங்களுக்குச் சந்தேகம் வரக்கூடாதுன்னு வச்சிருந்தாரு. கோட்டுல அடிச்சது நாங்க ஊதின புகை. 'அவளுக்குத் தெரிஞ்சா எண்ண ஆரம்பிப்பா. எண்ணினா, இருபத்திமூணு தடவ தோத்தவன்தானேன்னு எனக்கே தோணிடும்'பாரு. வர்ற விபூதிப் புதனுக்கு எப்பவும்போல விடறேன்னு சொல்லிட்டு, ஈஸ்டர் அன்னிக்குப் பத்த வைக்காம உங்கள ஏமாத்தணும்னு..." அவர் நிறுத்தினார். "செயிச்சுட்டுத்தாம்மா போயிருக்காரு. அதுவாவது ஆறுதலா இருக்கட்டும்."

டோரதி அம்மாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். பியாட்ரிஸ் ஜெபமாலை உருட்டுவதை நிறுத்தினாள்.

போட்டோக்காரர் முக்காலியை விரித்து, எல்லோரையும் சவப்பெட்டியைச் சுற்றி நிற்க வைத்தார்.

"அம்மா, வலது கைய ஐயா நெஞ்சு மேல வைங்க."

அல்போன்சா அசையவில்லை.

"அம்மா, கை."

அவள் வலது கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு காமிராவைப் பார்த்தாள்.

"இப்படியே எடுங்க."